பெயர் தெரியாமல் தேடுகிறவர்கள்

மார்ச் 3

புது வகுப்பு. "தகவல் கட்டமைப்பு என்றால் டேட்டாபேஸா சார்?" வருஷா வருஷம் வருகிற கேள்விதான். இல்லை, ஓர் இணையதளத்தில் எது எங்கே, எந்தப் பெயரில் இருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தும் வேலை என்றேன். இந்தப் பெயரைப் புழக்கத்தில் விட்ட ரிச்சர்ட் சால் வர்மன் உண்மையிலேயே கட்டடக் கலைஞர். 1976-இல் தன் துறையினரின் மாநாட்டில்தான் அதைப் பற்றிப் பேசினார். பெயர்க் கதை போதும், நாளை அட்டைகள்.

மார்ச் 4

40 அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஓர் இணையப் பக்கத்தின் பெயர். உங்களுக்குத் தோன்றியபடி பிரியுங்கள் என்றேன். ஒரு குழு 11 அட்டைகளை 'மற்றவை' என்று ஒதுக்கிவிட்டது. "யோசிப்பதை இங்கேதான் நிறுத்தியிருக்கிறீர்கள்" என்றதும் முகங்கள் சுருங்கின. என் முதல் வேலையில் நானும் இதையேதான் செய்தேன். அதைச் சொல்லவில்லை.

மார்ச் 7

மருத்துவமனைத் தளம். மெனு முழுக்க அவர்களுடைய நிர்வாகப் பிரிவுகள். படமோ நிறமோ இல்லாமல் மெனுப் பெயர்களை மட்டும் காட்டி, "பில் கட்ட எங்கே போவீர்கள்?" என்று 12 பேரிடம் கேட்டோம். 9 பேர் 'நோயாளிகளுக்கு' என்பதைத் திறந்து, துழாவிவிட்டு, விட்டுவிட்டார்கள். பில் இருந்தது 'நிதிப் பிரிவு'க்குள். முடிவைக் காட்டினால், "எங்கள் பிரிவின் பெயரே அதுதானே" என்கிறார் நிர்வாகி. வாதாடவில்லை. அடுத்த முறை தேடித் தவிக்கிறவரின் பக்கத்தில் அவரை உட்கார வைக்க வேண்டும். எந்த அட்டவணையும் அந்த வேலையைச் செய்யாது.

மார்ச் 11

இன்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன், எனக்குப் பிடித்த பாடம். 1933-இல் வந்த அவருடைய கோலன் பகுப்புமுறை (நூலகத்தில் நூல்களை வகைப்படுத்தும் முறை), ஒரு நூலின் பொருளைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து, வேண்டியபடி கோத்துக்கொள்ள வழி செய்தது. அந்தக் கூறுகளைப் பின்னாளில் ஐந்து அடிப்படை வகைகளில் அடக்கினார்; இடமும் காலமும் அவற்றில் இரண்டு. ஆன்லைனில் சட்டை வாங்கும்போது அளவு, நிறம், விலை என்று வடிகட்டுகிறோமே, அதற்குப் பின்னால் இருப்பதும் இந்தச் சிந்தனைதான் என்றதும் வகுப்பு நிமிர்ந்தது.

"தேடல் பெட்டி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்றாள் ஒருத்தி. பெட்டியில் எழுதப் பெயர் தெரிந்திருக்க வேண்டுமே என்று சொல்லி, பில் கதையை அவிழ்த்துவிட்டேன்.

மார்ச் 14

அதே பெண், கவலையோடு. 'தகவல் கட்டமைப்பாளர்' என்று போட்டு வேலை தேடினாளாம், ஒன்றிரண்டுதான் வந்ததாம். இருக்கிற வேலைகள் வேறு பெயர்களில் ஒளிந்திருக்கின்றன என்று சொல்லி, யூஎக்ஸ் (பயனர் அனுபவ) வடிவமைப்பு, உள்ளடக்க உத்தி, டாக்ஸானமி (வகைப்பாடு) என ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்போ நாமும் நிதிப் பிரிவுதானா சார்?" என்றாள்.