மண்டபத்துக்கு வெளியே பேசுகிறவர்கள்

டெல்டாவில் நிருபராக இருப்பவனுக்குக் கட்சிக் கூட்டச் செய்தி எழுதுவதைப் போல சுலபமான வேலை கிடையாது. கூட்டம் முடிவதற்குள் செய்திக் குறிப்பு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். தலைமை வகித்தவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், நன்றி சொன்னவர், கடைசியில் ‘தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டன’. சில நாள் மேடையில் தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கும் முன்பே நான் செய்தியை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். அதற்காக ஒருமுறைகூட மறுப்புச் செய்தி போட நேர்ந்ததில்லை.

உண்மையான செய்தி கிடைப்பதும் அந்த டீக்கடையில்தான். ஒரு குறுவை அறுவடைக் காலம். மன்னார்குடி பக்கம் ஆளும் கட்சியின் செயல்வீரர்கள் கூட்டம். எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை, ஆட்சி மாறினாலும் இந்தக் காட்சி மாறுவதில்லை. மேடையில் ‘விவசாயிகளின் பொற்காலம்’ என்று முழங்கியபோது முன்வரிசையில் இருந்த கிளைச் செயலாளர் ஒருவர் பலமாகக் கைதட்டினார். வெளியே வந்ததும் என்னை ஓரமாக அழைத்துப்போய் செல்போனைக் காட்டினார். கொள்முதல் நிலைய வாசலில் கொட்டி வைத்த அவருடைய நெல், மழையில் நனைந்து முளைவிட்டிருந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். தளர்வு கேட்டு மாநில அரசு டெல்லிக்கு எழுதி, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்து, உத்தரவு வருவதற்குள் நெல் நாற்றாகிவிடும்.

“இதப் போடுங்க தம்பி. என் பேரு மட்டும் வேணாம்.”

“உள்ளேயே சொல்லியிருக்கலாமேண்ணே?”

“மைக்க யாரு குடுப்பா? குடுத்தாலும், பேசிட்டு வந்தா வாய்க்கா தூர்வார்ற வேலை அடுத்த தடவ வேற ஆளுக்குப் போயிரும்.”

மறுநாள் படம் வந்தது. மாவட்டச் செயலாளர் போனில் கொதித்தார். எதிர்க்கட்சிக்காரன் கொடுத்த படம் என்று அடித்துச் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படத்தை அவர் மேடையிலேயே பார்த்திருக்க முடியும். ஒரு போன் போட்டு கலெக்டரிடம் பேசியிருக்கவும் முடியும். தன் ஆளிடம் கேட்க வேண்டியதை அவர் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டார். எங்கள் பிழைப்பில் பாதி இப்படித்தான் ஓடுகிறது.

கட்சிக்குள் பேச இடமில்லாதபோது மிஞ்சுவது இரண்டு வழி. ஒன்று வாயை மூடிக்கொள்வது, இன்னொன்று வெளியேறுவது. 1972-இல் கட்சிக் கணக்கைக் கேட்ட எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார், அ.தி.மு.க. பிறந்தது. 1996-இல் அ.தி.மு.க.வோடு கூட்டணி வேண்டாம் என்று தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர்கள் சொன்னதை நரசிம்மராவ் கேட்கவில்லை. நம்ம கபிஸ்தலத்து மூப்பனார் தமிழ் மாநில காங்கிரஸைத் தொடங்கினார். அந்தத் தேர்தலில் காங்கிரஸ் இங்கே துடைத்தெடுக்கப்பட்டது. கணக்குக் கேட்டுப் பிறந்த கட்சியின் பொதுக்குழு 2022 ஜூன் 23-இல் வானகரத்தில் கூடியபோது, 23 தீர்மானங்களும் நிராகரிக்கப்பட்டதாக மேடையிலேயே கூச்சலுக்கு நடுவில் அறிவித்தார்கள். ஏற்றால் எல்லாவற்றையும் ஏற்பது, தள்ளினால் எல்லாவற்றையும் தள்ளுவது. ஐந்தாவது தீர்மானத்தில் மூன்றாவது வரியை மட்டும் மாற்றுவோம் என்று ஒருவர் எழுந்து சொல்லி நான் பார்த்ததே இல்லை.

வரியை மாற்றுகிற பழக்கம் இடதுசாரிகளிடம் இருக்கிறது. மார்க்சிஸ்ட் கட்சியில் அகில இந்திய மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்பே நகல் தீர்மானம் வெளியாகும். கீழே இருக்கிற கிளைகூடத் திருத்தம் அனுப்பலாம். 2018 ஹைதராபாத் மாநாட்டில் சீதாராம் யெச்சூரி, பொதுச்செயலாளராக இருந்துகொண்டே, சிறுபான்மைக் கருத்தை மேடையில் வைத்தார். காங்கிரஸோடு ‘புரிந்துணர்வோ தேர்தல் கூட்டணியோ இல்லை’ என்றிருந்த நகல், ‘அரசியல் கூட்டணி இல்லை’ என்று மாறியது. கட்சி உடையவில்லை. கீழத்தஞ்சைப் பக்கம் அவர்களுடைய ஆட்களிடம் உள்விவகாரம் கறப்பது எனக்கு எப்போதுமே கஷ்டம். திட்ட வேண்டியதைக் கமிட்டியிலேயே திட்டித் தீர்த்துவிட்டு வருகிறார்கள் போல. அதற்காக அங்கே எல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். முடிவெடுத்த பிறகு வெளியே ஒரே குரல்தான். 2008-இல் கட்சி சொல்லியும் மக்களவை சபாநாயகர் பதவியை விட மறுத்த சோம்நாத் சாட்டர்ஜியை நீக்கியதும் அதே கட்சிதான்.

சட்டமும் கட்சித் தலைமையின் பக்கமே நிற்கிறது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், பணத்துக்குத் தாவுகிறவனையும் மனசாட்சிப்படி மறுப்பவனையும் ஒரே தராசில் வைத்தது. 2017-இல் முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அ.தி.மு.க.வின் 18 எம்.எல்.ஏ.க்கள் பதவி இழந்தார்கள். அதில் தஞ்சாவூர்க்காரரும் ஒருவர். அவர்கள் மனதில் கொள்கை இருந்ததா, வேறு கணக்கு இருந்ததா என்பது தனிக்கதை. கொறடா உத்தரவை, அதாவது சபையில் இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்சிக் கட்டளையை, மீறினால் பதவி போகும் என்பதை நம்பிக்கை வாக்கெடுப்புகளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று 1990-லேயே தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு சொன்னது. இன்றுவரை அது சட்டமாகவில்லை.

ஆனால் சட்டத்தைத் திருத்தினாலும் எங்கள் ஊர்க் கிளைச் செயலாளருக்கு மைக் கிடைத்துவிடாது. சீட்டு கொடுப்பது சென்னையில் இருக்கிறவரை, பார்வையும் சென்னைப் பக்கம்தான். வேட்பாளர் பட்டியல் வருகிற அன்று இரவு என் போன் ஓயவே ஓயாது. “இந்தாளுக்கா சீட்டு? நாங்க எப்படிண்ணே வேலை பாக்குறது?” என்று ஒன்றியம் ஒன்றியமாகக் கூப்பிடுவார்கள். மறுநாள் அவர்களே வேட்பாளருக்குச் சால்வை போடுவார்கள். பிறகு பூத் சிலிப் பாதி வீட்டுக்குப் போகாது, தேர்தலன்று வண்டி ‘பஞ்சராகி’ நிற்கும். பூத் வாரியாக ஓட்டு வெளிவரும்போதுதான் தலைமைக்கு விஷயம் புரியும். அப்புறம் தோல்வியை ஆராய ஒரு குழு போடுவார்கள். அந்தக் குழுவுக்குப் பெரும்பாலும் தலைவராக வருகிறவர், அந்த வேட்பாளரைச் சிபாரிசு செய்தவராகவே இருப்பார்.