ஏழாவது நடை

நேர்ந்துகொண்டது அம்மா. ஐந்து வயதில் எனக்கு மஞ்சள் காமாலை முற்றியபோது, "பிள்ளை பிழைச்சா ஏழு வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றோம் தாயே" என்று. அப்புறம் மறந்துவிட்டார். வேளாங்கண்ணிக் கோயில் 'பசிலிக்கா' என்ற சிறப்புப் பட்டம் பெற்ற 1962இல் பிறந்தவர். மூட்டு தேய்ந்த பிறகுதான் நேர்ச்சை நினைவுக்கு வந்து உறுத்தியது. அதனால் நடப்பது நான் மட்டும். இது ஏழாவது வருடம்.

தஞ்சையிலிருந்து மூன்று நாள் நடை. நீடாமங்கலம் வரை கால் நம் பேச்சைக் கேட்கும். கொரடாச்சேரியில் இடது குதிகாலில் கொப்புளம். கூட வந்த திருக்காட்டுப்பள்ளி அண்ணன் ஊசியில் நூல் கோத்து, கொப்புளத்தின் குறுக்கே இழுத்து, நூலை அப்படியே விட்டுவிட்டார். நீர் வடிந்தது, தோல் உரியவில்லை. டாக்டர்கள் திட்ட வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், ஆறு வருடமும் எனக்குச் செபம் வரவில்லை. உதடு 'அருள் நிறைந்த மரியே' சொல்லும். மனசு வண்டித் தவணையைக் கணக்குப் பார்க்கும். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது, நடுச்சாமத்தில் மூன்று அப்பம் கேட்டு நண்பன் கதவைத் தட்டியவன் கதையை லூக்கா 11இல் வாசிக்கச் சொன்னார் பாதர். "அவன் அழகாத் தட்டினான்னு எங்கேயாவது எழுதியிருக்கா? நிறுத்தலை, அவ்வளவுதான்."

ஊருக்குள் நுழைந்ததுமே "ரூம் வேணுமாண்ணே" கூட்டம். ஒருவன் மெழுகுவர்த்தியைக் கையில் திணித்துவிட்டு இரட்டை விலை கேட்டான். ஆகஸ்ட் 29, கொடியேற்ற நாள் வேறு. பின்னாலிருந்து தள்ளிய தள்ளில் மாதாவின் சேலைக் கரை மட்டும்தான் கண்ணில் பட்டது.

அப்புறம் மணல் பாதையில் முழங்காலிட்டு மாதா குளம் நோக்கி. பாதி வழியில் செபமாலை எண்ணிக்கை தவறிவிட்டது. முதலிலிருந்து தொடங்கத் தெம்பில்லை. மணலில் கையை ஊன்றிக்கொண்டு, "ஆண்டவரே, வந்துட்டேன்" என்றேன். என்ன கேட்க வந்தேன் என்பதே மறந்துபோனது. பக்கத்தில் அவர் இருந்தார். இப்போது வந்தவர் மாதிரி இல்லை. தஞ்சையிலிருந்தே கூட நடந்தவர் மாதிரி. அழுதேன். "தம்பி, கொஞ்சம் வழி விடுப்பா" என்று பின்னால் வந்த பாட்டி தொட்டபோதுதான், நடுவழியில் அப்படியே நின்றுவிட்டது தெரிந்தது.

மாதாவே, நன்றி. பிழைக்க வைத்ததற்கு, கால் கொடுத்ததற்கு, நூல் கோத்த அண்ணனுக்கு, வறண்டுபோன அந்த ஆறு வருடத்துக்கும்கூட.

திரும்பும்போது திருவாரூர் பஸ்ஸில் செபமாலையை எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே வண்டித் தவணை வந்துவிட்டது. சரி, வரட்டும் என்று மூன்றாவது மணிக்குப் போனேன். அதற்குள் அம்மாவின் போன்.

"ஏழு ஆயிடுச்சும்மா. நேர்ச்சை முடிஞ்சுது."

"சரிப்பா. அடுத்த வருஷம் யார்கூடப் போற?"