முதலில் ஒரு போன்ஜூர்

பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், லா ஷப்பல் பகுதியில் ஈழத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே மளிகைக் கடை அக்கா ஒருவர் சொன்னார்: "தம்பி, எந்தக் கடைக்குள்ள போனாலும் முதல்ல போன்ஜூர் சொல்லுங்கோ. பிறகுதான் மிச்சக் கதை." போன்ஜூர் என்றால் பிரெஞ்சில் வணக்கம்.

நம்மூரில் "அண்ணே, அரைக் கிலோ தக்காளி" என்றால் போதும். மரியாதையெல்லாம் அந்த 'அண்ணே'யிலேயே வந்துவிடும். பிரான்சில் அந்த வேலையைச் செய்வது போன்ஜூர்.

மறுநாள் காலை ரொட்டிக் கடையில், எனக்கு முன்னால் நின்ற சுற்றுலாப் பயணி எடுத்த எடுப்பில் "டூ குரோசான்ட்ஸ்" என்றார். கடைக்காரம்மா அசையவில்லை. அவர் முகத்தையே பார்த்து, நிதானமாக "போன்ஜூர், முஸ்யே" என்றார். பதில் போன்ஜூர் வந்த பிறகுதான் கை குரோசான் பக்கம் நகர்ந்தது. அடுத்து நான். "போன்ஜூர் மதாம், ஊன் பாகெத், சில் வு ப்ளே" (வணக்கம் அம்மா, ஒரு நீள ரொட்டி, தயவுசெய்து) என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். பாகெத்தோடு ஒரு "போன் ஜூர்னே"யும் கிடைத்தது. அது கிளம்பும்போது சொல்வது, நாள் நன்றாக அமையட்டும் என்று.

நீஸ் நகரில் லா பெத்தித் சிரா என்ற காபிக் கடை 2013-இல் இதை விலைப்பட்டியலாகவே எழுதி வைத்தது. வெறுமனே "ஒரு காபி" என்றால் 7 யூரோ. "தயவுசெய்து" சேர்த்தால் 4.25. போன்ஜூரும் சேர்ந்தால் 1.40. வேடிக்கைக்குத்தான் என்றாலும், அந்தப் பலகையைப் பார்த்துச் சிரித்த பிரெஞ்சுக்காரர்களில் பாதிப் பேராவது மனசுக்குள் 'சரிதானே' என்று நினைத்திருப்பார்கள்.

அதற்காகப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்லக்கூடாது. பாரிஸ் மெட்ரோவில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார். ஆனால் லிஃப்ட்டில் சொல்ல வேண்டும், பஸ் ஏறும்போது ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும். டாக்டரின் காத்திருப்பு அறைக்குள் நுழைகிறவர்கூட எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். ஷாமோனி மலைப்பாதையில் எதிரே வந்த அத்தனை பேரும் மூச்சிரைக்க போன்ஜூர் சொன்னார்கள். ஏற்றத்தில் அதற்குப் பதில் சொல்வதே தனி உடற்பயிற்சி.

ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டாம் முறை போன்ஜூர் கிடையாது. சொன்னால், காலையில் பார்த்ததையே மறந்துவிட்டதாக அர்த்தமாகும். அதற்கு "ரெபோன்ஜூர்" இருக்கிறது. நெருங்கியவர்கள் வெறும் "ரெ"யோடு முடித்துக்கொள்வார்கள்.

சாயங்காலம் ஆனால் "போன்சுவார்". எத்தனை மணிக்கு மாற்றுவது என்பதற்குக் கறாரான விதி இல்லை. ஐந்தரை, ஆறு வாக்கில் நான் முந்திக்கொள்வதில்லை. கடைக்காரர் எதைச் சொல்கிறாரோ, அதையே திருப்பிச் சொல்லிவிடுவேன்.