121.4 கிலோ என்று விலை சொன்ன 81 கிலோ பட்டறைக்கல்

பட்டறைக்கல், அதாவது கொல்லன் காய்ந்த இரும்பை வைத்து அடிக்கிற இரும்புக் கட்டி, வந்து சேர்ந்து பத்து நாள் ஆகிறது. இடுப்பு வலி இன்னும் போகவில்லை, அந்த எடைமேடை வாக்குவாதத்தின் எரிச்சலும் போகவில்லை. பழைய பட்டறைக்கல் வாங்கக் கிளம்புகிற யாருக்காவது ஒரு பஸ் டிக்கெட் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பாவின் கல் அண்ணனுக்குப் போய்விட்டது. மூத்தவனுக்குத்தான் பட்டறை, அதில் சண்டை இல்லை. நான் தனியாக உலை போட்டபோது கல் மட்டும் இல்லை. திருப்பாச்சேத்திப் பக்கம் அரிவாள் அடிக்கிறவர்கள் நாலு பேரிடம் பழசுக்கு என்ன விலை போகும் என்று கேட்டேன். நாலு பேரும் ஏறக்குறைய ஒன்றையேதான் சொன்னார்கள்: கிலோ 100, மிஞ்சினால் 120. "அதுக்கு மேல கேட்டான்னா தண்டவாளத் துண்டை நட்டுட்டு வேலையப் பாரு தம்பி" என்றார் ஒரு பெரியவர். நான் விசாரித்த வாரத்தில் பழைய இரும்பு கிலோ 34 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. ஆக 34க்கும் 120க்கும் நடுவில் எங்கேயாவது முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். எவ்வளவு அப்பாவியாக இருந்திருக்கிறேன்!

முதல் அலைச்சல் காரைக்குடிப் பக்கம், ஒரு பழம்பொருள் கடைக்கு. போட்டோவில் கல் அம்சமாக இருந்தது, ஒரு பக்கம் கூம்பாக நீளும் மூக்கு, எதிர்ப்பக்கம் வால், நான்கு கால் எல்லாம் எடுப்பாக. விலை 65,000. பேசிக் குறைக்கலாம் என்று போனேன். கிட்டே போனதும் மனசு விட்டுப்போனது. மேலிருந்து கீழ்வரை கறுப்புப் பெயின்ட். பெயின்டுக்கு அடியில், மூக்கின் நுனியிலிருந்து அடிவரை நேர்கோடாக ஒரு வரப்பு. இரண்டு அச்சுகள் சேர்ந்த இடம் அது. வார்ப்பிரும்பு, உருக்கி அச்சில் ஊற்றியது. அடி வேலைக்கு ஆகாது.

இருந்தாலும் வந்தது வந்தாயிற்று என்று சட்டைப்பையில் இருந்த பால்ரஸ் (பேரிங்) குண்டை எடுத்தேன். ஒரு அங்குலக் குண்டு, கூடவே ஒரு ஸ்கேல். கல் பார்க்கப் போகிறவர்கள் இந்த இரண்டும் ஒரு பழைய அரமும் இல்லாமல் போகாதீர்கள். பத்து அங்குல உயரத்திலிருந்து குண்டை விட்டால் நல்ல கல் ஏழு, எட்டு அங்குலம் திருப்பி எறிய வேண்டும். இந்தக் கல்லில் குண்டு இரண்டரை அங்குலம் எழும்பி, சோற்றில் விழுந்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. ஓரத்தில் அரத்தை இழுத்தால் வெண்ணெயாகக் கடித்தது. கடினப்படுத்திய முகமாக (முகம் என்பது அடிக்கிற மேல்பரப்பு) இருந்தால் அரம் வழுக்கிக்கொண்டு போகும்.

கடைக்காரர் துளிகூட அசரவில்லை. "சார், இதை யாரு அடிக்கப் போறா? ரிசார்ட் வாசல்ல வைக்கத்தான் வாங்குறாங்க" என்று சொல்லி, போனில் ஒரு வெளிநாட்டு விளம்பரத்தைக் காட்டினார். அமெரிக்காவில் வார இறுதியில் கத்தி அடித்துப் பழகுகிறவர்கள் பழைய கல்லுக்குப் பவுண்டுக்கு 5, 6 டாலர்கூடக் கொடுக்கிறார்கள், உண்மைதான். நம் கணக்கில் கிலோ ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். ஆனால் அவர்கள் அந்தக் காசைக் கொடுப்பது எஃகு முகம் வைத்து அடித்த கல்லுக்கு. அந்த விலையை அப்படியே தூக்கி வார்ப்பிரும்புப் பொம்மை மேல் ஒட்டினால் எப்படி? கேட்டேன். பதில் இல்லை, டீ மட்டும் வந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்து பெரியவர் சொன்ன வழி, தண்டவாளத் துண்டு. மதுரையில் ஒரு பழைய இரும்புக் கடையில் இரண்டு அடித் துண்டு கிடந்தது. 52 கிலோ தண்டவாளம், அதாவது மீட்டருக்கு 52 கிலோ. இரண்டு அடிக்கு 32 கிலோ வரும். கிலோ 60 என்றார், சந்தோஷமாகத் தலையாட்டினேன். பில் கேட்டேன். "இதுக்கெல்லாம் ஏதுங்க பில்லு?" என்றார். சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்றும் நேரத்தில் பக்கத்துக் கடை லேத்துக்காரர், "அண்ணே, பில் இல்லாம அதத் தொடாதீங்க" என்று காதில் போட்டார்.

அப்புறம்தான் விசாரித்தேன். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்று 1966இலிருந்தே தனிச்சட்டம் இருக்கிறது. சந்தேகத்தின் பேரில் பிடித்தால் அது நமக்கு முறையாக வந்தது என்று நாம்தான் காட்ட வேண்டும். முதல் தடவைக்கே ஐந்து வருடம்வரை தண்டனை. ரயில்வே தன் கழிவை ஏலத்தில்தான் விடுகிறது, ஏலம் எடுத்தவரிடம் காகிதம் இருக்கும். அந்தக் காகிதத்தின் நகலும் உங்கள் பெயருக்குப் பில்லும் தருகிற கடையில் வாங்கினால் பயமில்லை. ஊரில் பாதிப் பட்டறையில் தண்டவாளம்தான் நட்டிருக்கிறது, எத்தனை பேரிடம் பில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. சாக்கை அவிழ்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த லேத்துக்காரருக்கு இன்னும் ஒரு கத்தி கடன்பட்டிருக்கிறேன்.

மூன்றாவதுதான் இந்தக் கல்.

கோயம்புத்தூர்ப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு பஞ்சாலையின் சாமான்களை மொத்தமாக ஒரு கான்ட்ராக்டர் எடுத்திருந்தார். ஆலைக்குள் இருந்த பழைய பட்டறையில் ஒரு கல் இருக்கிறது என்று தெரிந்தவர் சொன்னார். ஆறு மணி நேர பஸ். கல்லைப் பார்த்த நிமிடமே வயிற்றில் என்னவோ செய்தது. தூசும் எண்ணெயும் ஏறிக் கிடந்தாலும் இடுப்பு ஒடுங்கி, மூக்கு நீண்டு, அடித்துச் செய்த கல்லின் வாகு. மூக்குக்குக் கீழே இடுப்பில் ஒரு சதுரக் குழி, வாலுக்குக் கீழே ஒன்று, அடியில் ஒன்று. செய்யும்போது கம்பி செருகித் தூக்கிப் புரட்டிய குழிகள் அவை. குண்டை விட்டேன். எட்டு அங்குலம்! ஒரே இடத்தில் விட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள், முகம் முழுக்க விட்டுப் பாருங்கள். எங்கேயாவது குண்டு சட்டென்று செத்தால் மேலே ஒட்டிய எஃகுத் தகடு அந்த இடத்தில் விட்டிருக்கிறது என்று அர்த்தம். இதில் வால் நுனியில் மட்டும் கொஞ்சம் குறைந்தது. ஓரங்கள் அங்கங்கே தெறித்திருந்தன. அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தேன், விலை பேச உதவும் என்று.

கான்ட்ராக்டர் கிலோ 200 என்றார். ஊரில் சொன்ன 120க்கு இது அதிகம்தான். ஆனால் ஊரில் அந்த விலைக்குக் கல் எங்கே இருக்கிறது? விற்கிறவன் இல்லாத விலையைச் சொல்வது சுலபம். 150 கேட்டேன், அவர் இறங்கவே இல்லை, சரி என்றேன். பிரச்சினை எடையில் வந்தது.

பக்கவாட்டில் எண்கள் இருந்தன. பையில் கொண்டுபோயிருந்த கோலமாவை அதன் மேல் தேய்த்ததும் பள்ளத்தில் மாவு நின்று தெளிவாகத் தெரிந்தது: 1 · 2 · 14. மேலே வட்டமாக ஏதோ எழுத்து. 'சாலிட்' வரைக்கும் படிக்க முடிந்தது. இங்கிலாந்தில் டட்லி என்ற ஊரில் செய்த பீட்டர் ரைட் கற்களில் 'சாலிட் ராட்' (Solid Wrought, முழுக்க அடித்துச் செய்தது) என்று அப்படி வட்டமாக அடித்திருக்கும். அதுவா என்று சத்தியம் செய்ய மாட்டேன், பெயர் தேய்ந்து போயிருந்தது.

"பாத்தீங்களா, கம்பெனிக்காரனே எடை அடிச்சு அனுப்பியிருக்கான். 121.4 கிலோ" என்றார் கான்ட்ராக்டர். கால்குலேட்டரைத் தட்டினார். 24,280 ரூபாய்.

திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற மாமாவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன்.

"எண்ணுக்கு நடுவுல புள்ளி இருக்கா?"

"இருக்கு மாமா."

"அது கிலோவும் இல்ல, வருஷமும் இல்ல மாப்ள. ரூபாய், அணா, பைசா மாதிரி. முதல் எண் அந்தர், 112 பவுண்டு. ரெண்டாவது அதுல கால் பங்கு, 28 பவுண்டு. மூணாவது சில்லறை பவுண்டு."

112, அதோடு 56, அதோடு 14. மொத்தம் 182 பவுண்டு. கிலோவில் 82 முக்கால்கூட இல்லை. சரிபார்க்க ஒரு குறிப்பும் கொடுத்தார்: நடு எண் 3ஐத் தாண்டாது, கடைசி எண் 27ஐத் தாண்டாது. தாண்டியிருந்தால் அது வேறு கணக்கு. அமெரிக்கக் கற்களில் நேரடியாகப் பவுண்டு அடித்திருப்பதும் உண்டு. (காரைக்குடிக்காரர் கையில் இது கிடைத்திருந்தால் 1214ஆம் வருடம், பாண்டியன் காலத்துக் கல் என்று விற்றிருப்பார்.)

கான்ட்ராக்டர் நம்பவில்லை. எடைமேடைக்குப் போவோம் என்றார். அங்கேதான் ஒரு மணி நேரம் வீண். அது லாரிக்கான மேடை, பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். 80 என்றது. "சின்னச் சாமானுக்குக் குறைச்சுத்தான் காட்டும்" என்றார். நான் கல் மேல் ஏறி நின்றேன். 150 என்றது. என் எடை 72 என்றேன். "யாருக்குத் தெரியும்?" என்றார். மேடைக்காரர் வேறு இரண்டு தடவைக்கும் காசு கேட்டார். கடைசியில் பக்கத்தில் இருந்த பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றினோம். 81 கிலோ. அடித்து அடித்து ஒன்றரைக் கிலோ தேய்ந்திருக்கிறது. 16,200 ரூபாய். எட்டாயிரம் ரூபாய் மிச்சம். அன்று மாலை பேருந்து நிலையத்தில் எனக்கு நானே ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

முன்பணம் 5,000 கொடுத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை மீதியோடு வருகிறேன் என்று வந்தது தப்பு. கல்லை அப்போதே வெளியே எடுத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை உள்ளே நுழையும்போதே கிரைண்டர் சத்தம். ஓடினேன். காசு கொடுத்து வாங்குகிறாரே, பளபளவென்று கொடுப்போம் என்று நல்லெண்ணத்தில் ஒரு பையனை விட்டுக் கல்லின் முகத்தைத் தேய்க்கச் சொல்லியிருக்கிறார்! அந்த எஃகுத் தகடே அரை அங்குலம் அளவுதான் இருக்கும், அதன் கடினம்தான் கல்லின் உயிர். அதைத் தேய்த்து எடுத்தால் மிஞ்சுவது மெத்தென்ற தேனிரும்புக் கட்டி. நான் போட்ட கூச்சலில் பையன் கிரைண்டரைக் கீழே போட்டுவிட்டான். நல்லவேளை, ஒரு மூலைதான் போயிருந்தது. விரல் அகலத்துக்கு ஓரம் மழுங்கி, நீலம் பூத்திருந்தது. முன்பணம் கொடுக்கும்போதே "தேய்க்காதே, வெல்டு வைக்காதே, பெயின்ட் அடிக்காதே" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அந்த மூலையைக் காட்டி 500 ரூபாய் குறைக்கச் சொன்னேன். தேய்த்த கூலியை அவர் கேட்காததே பெரிது என்பது போலப் பார்த்தார்.

பில்? தண்டவாளத்துச் சூடு ஆறவில்லை, அதனால் பில் இல்லாமல் எடுக்க மாட்டேன் என்று நின்றேன். 18 சதவீத வரி, 2,916 ரூபாய் கூட. "பழைய இரும்பு" என்று எழுதப் போனார்கள். "பழைய பட்டறைக்கல் 1" என்று எழுதச் சொல்லி, பக்கத்தில் அந்த மூன்று எண்களையும் குறிக்க வைத்தேன். பில் வந்தது, கேட் பாஸ் வரவில்லை. கையெழுத்துப் போடுகிறவர் சனிக்கிழமை மதியத்தோடு கிளம்பிவிடுவாராம். காவலாளி நல்ல மனிதர், ஆனால் சீட்டு இல்லாமல் ஆணி கூட வெளியே போகாது என்றார். இரண்டு ராத்திரி லாட்ஜ். திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கையெழுத்து விழுந்தது, அரை நிமிட வேலை.

பார்சல் ஆபீஸில் கடைசிக் கூத்து. கவுன்டரில் இருந்தவர் ஈ-வே பில் (சரக்கு அனுப்ப எடுக்கிற ஜி.எஸ்.டி. சீட்டு) எங்கே என்றார். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகிற சரக்குக்கு ஒரு லட்சத்துக்குக் கீழே அது வேண்டாம் என்றேன். "இரும்புன்னா வேணும்" என்றார். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டதும், பேக்கிங் இல்லாமல் எடுக்க மாட்டோம் என்று மாற்றிப் பிடித்தார். 81 கிலோ இரும்புக் கட்டிக்கு என்ன உடைந்துவிடும் என்று பேக்கிங்? வாதாடத் தெம்பில்லை. இரண்டு சாக்கு வாங்கிச் சுற்றி, சணல் கட்டி, "உடையும் பொருள் அல்ல" என்று மார்க்கரில் எழுதிக் கொடுத்தேன். சிரிக்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

கிலோ 200 என்று வாங்கியது, வரி, லாரி, சுமைக்கூலி, பஸ், லாட்ஜ் எல்லாம் சேர்ந்து 22,000ஐத் தாண்டிவிட்டது. வீடு வந்து சேர்ந்த விலை கிலோ 270. கல்லைப் புளியமரக் கட்டையில் ஏற்றி இறுக்கியதும் அந்தப் பெரியவர் பார்க்க வந்தார். சுத்தியலை எடுத்து முகத்தில் லேசாக இரண்டு தட்டு. கோயில் மணி மாதிரி கேட்டது. விலையைக் கேட்டார், சொன்னேன். "பைத்தியக்காரா" என்றார். அப்புறம் இன்னும் இரண்டு தட்டு தட்டினார்.

பையன் தேய்த்த மூலையைச் சரிசெய்ய நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். கூரான ஓரத்தில் வளைத்தால் இரும்பில் வெட்டு விழும், பிறகு அந்த இடத்தில்தான் விரிசல் விடும். மழுங்கிய ஓரத்தில் அந்தத் தொல்லை இல்லை. அரிவாள் மூக்கை வளைக்க இப்போது கை தானாக அந்த மூலைக்குத்தான் போகிறது. கான்ட்ராக்டரிடம் இதைச் சொல்லப் போவதில்லை, 500 ரூபாயை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.