வரி கொடுக்கிற ஊரிலிருந்து வரி வாங்குகிற ஊருக்கு

மியூனிக்கில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் கிழக்கு ஜெர்மனியில் வந்து நிற்கும். "நாங்க கட்டுற வரியிலதான் மச்சான் உங்க ஊர்ல ரோடு போடுறாங்க" என்பார்கள் என்னைப் பார்த்து. உங்க ஊர் என்று அவர்கள் சொல்வது நான் இருக்கும் கெம்னிட்ஸை, 1990 வரை தனி நாடாக இருந்த கிழக்கு ஜெர்மனியில், சாக்சனி மாநிலத்து ஊர். நான் கோயம்புத்தூர்க்காரன், நம் வரி வடக்கே போகிறது என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவன். நாட்டு மக்கள் தொகையில் ஏறக்குறைய 6 சதவீதம் இருக்கிற தமிழ்நாட்டுக்கு, மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மத்திய வரியில் 15ஆவது நிதிக்குழு ஒதுக்கிய பங்கு 4.079 சதவீதம், உத்தரப் பிரதேசத்துக்கு 17.939. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த எண்களைச் சொல்வேன். அப்படிப்பட்டவன் இங்கே வாங்குகிற பக்கத்தில் வீடு எடுத்திருக்கிறேன்.

மேற்படிப்புக்குத்தான் வந்தேன். கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் கிடையாது, வாடகையும் கம்மி, அதனால் எங்கள் வகுப்பில் திரும்பிய பக்கமெல்லாம் இந்திய முகம்தான். படித்து முடித்து இங்கேயே ஒரு இயந்திர உதிரிபாக நிறுவனத்தில் சேர்ந்துவிட்டேன். இரண்டு அறை, சமையலறை, பால்கனி, லிஃப்ட் எல்லாம் சேர்த்து நான் கொடுக்கும் வாடகையில் மியூனிக்கில் ஒரு அறை கிடைத்தால் அதிர்ஷ்டம். ட்ராம் நேரத்துக்கு வருகிறது, ரோடு வழுவழுவென்று இருக்கிறது, பழைய கட்டடங்களுக்கெல்லாம் புதுப் பெயின்ட். இதில் என்ன ஏழ்மை என்றுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள்.

ஏழ்மை ரோட்டில் தெரியாது, சம்பளச் சீட்டில்தான் தெரியும். முழுநேர வேலைக்குக் கிழக்கிலும் மேற்கிலும் சராசரி மாதச் சம்பள வித்தியாசம் இன்றைக்கும் சுமார் 800 யூரோ. உலோகத் தொழிலில் மேற்கே வாரம் 35 மணி நேரம் என்றால் கிழக்கே தொழிற்சங்க ஒப்பந்தப்படி 38. அதைக் குறைக்கச் சொல்லி 2003இல் நடந்த வேலைநிறுத்தம் தோற்றுப்போனது. 2021க்குப் பிறகுதான் ஆலைக்கு ஆலை பேசிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வழி வந்திருக்கிறது. எங்கள் நிறுவனம் போல ஒப்பந்தத்திலேயே சேராத சின்ன நிறுவனங்களுக்கு அதுவும் இல்லை. ஓய்வூதியக் கணக்கில் கிழக்குக்கு ஒரு மதிப்பு, மேற்குக்கு ஒரு மதிப்பு என்றிருந்தது சமமானதே 2023 ஜூலையில்தான், நாடு ஒன்றாகி 33 வருஷம் கழித்து. அப்புறம் அந்த ஒற்றுமை வரி, நாடு ஒன்றானதும் வருமான வரிக்கு மேல் போட்ட கூடுதல் வரி. 1991இல் கொண்டுவந்தது, மேற்கத்தியர்கள் மட்டும் கட்டிக் கிழக்கைத் தூக்கிவிடுகிறார்கள் என்று நம் ஆட்கள் சத்தியம் செய்வார்கள். இரண்டு பக்கமும்தான் கட்டினார்கள். 2021இலிருந்து பெரும்பாலானவர்களுக்கு அது கிடையாது, என் சீட்டில் அந்தக் கட்டத்துக்கு எதிரே பூஜ்யம்தான் இருக்கிறது.

எங்கள் மாடியில் எதிர் வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயதிருக்கும். நூற்பு இயந்திரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்தவர். கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பார்கள் என்று சொன்னதும் சிரித்தார், இந்த ஊருக்கு சாக்சனியின் மான்செஸ்டர் என்று பேர். 1990 ஜூலை 1 அன்று மேற்கு மார்க், அதாவது மேற்கு ஜெர்மனியின் பணம், கைக்கு வந்த கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். சம்பளம் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுத்தார்கள், தெருவெல்லாம் கொண்டாட்டம். ஆனால் அதே நாளில் ஆலை செய்யும் இயந்திரத்தின் விலையும் மேற்கு மார்க்குக்கு ஏறிவிட்டது. அதுவரை வாங்கிக்கொண்டிருந்த சோவியத்காரர்களிடம் மேற்கு மார்க் ஏது? ஆர்டர் நின்றது. அரசு ஆலைகளை விற்பதற்கென்றே உண்டாக்கிய ட்ராய்ஹாண்ட் என்ற அமைப்பின் கையில் சுமார் 8,500 நிறுவனங்கள், 40 லட்சம் தொழிலாளர்கள். 1994 முடிவதற்குள் விற்றோ மூடியோ கணக்கை முடித்துவிட்டார்கள், விற்றதில் பெரும்பகுதி மேற்கத்தியர் கைக்குப் போனது. பாட்டி அதற்கப்புறம் ஒரு கடையில் பில் போட்டாராம். மகனும் மகளும் மேற்கே ஸ்டுட்கார்ட் பக்கம் போனவர்கள், கிறிஸ்துமஸுக்கு வருவார்கள்.

இந்த இடத்தில்தான் மியூனிக் நண்பர்களோடு எனக்குச் சண்டை. ஆடி காரின் நாலு வளையம் எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். ஆடி, டிகேடபிள்யூ, ஹோர்ச், வாண்டரர் என்று சாக்சனியின் நாலு கம்பெனிகள் 1932இல் சேர்ந்து ஆட்டோ யூனியன் ஆயின, அதன் தலைமையகம் கொஞ்ச நாளில் இதே கெம்னிட்ஸுக்கு வந்தது. போருக்குப் பிறகு சோவியத்துகள் ஆலைகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போக, நிறுவனம் 1949இல், மியூனிக் இருக்கிற அதே பவேரியா மாநிலத்தின் இங்கோல்ஸ்டாட்டில் புதிதாக ஆரம்பித்தது. இன்றைக்கு மாநிலங்களுக்கு இடையிலான நிதிப் பங்கீட்டில் பவேரியா 2023இல் மட்டும் விட்டுக்கொடுத்தது சுமார் 910 கோடி யூரோ. பெர்லினுக்கு அடுத்து அதிகம் வாங்குவது எங்கள் சாக்சனி. இது அநியாயம் என்று பவேரியா அரசியல் சட்ட நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. அதே பவேரியா 1980களின் நடுப்பகுதி வரை வாங்கிக்கொண்டிருந்த மாநிலம்தான். அதை யாரும் பேச்செடுப்பதில்லை.

வந்த பணத்தில் ரோடு வந்தது, மருத்துவமனை வந்தது, ஆராய்ச்சிக்கூடங்கள் வந்தன. தலைமையகம் மட்டும் வரவில்லை. இங்கே வோல்க்ஸ்வாகன் எஞ்சின் ஆலை இருக்கிறது, முடிவெடுக்கிறவர்கள் வோல்ஃப்ஸ்பர்க்கில். 1991 முதல் 2017 வரை கிழக்கிலிருந்து மேற்குக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர்களைக் கழித்தாலும் சுமார் 12 லட்சம் பேர், அதிலும் படித்த இளம் பெண்கள் அதிகம். 1980களில் மூன்று லட்சத்துக்கு மேல் இருந்த கெம்னிட்ஸில் இப்போது இரண்டரை லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஆள் இல்லாத அடுக்குமாடிகளை அரசே காசு கொடுத்து இடித்தது, என் வாடகை கம்மியாக இருப்பதற்கும் அதுதான் காரணம். நம் ஊர்ப் பங்கு குறைவது அநியாயம் என்ற என் கட்சியில் மாற்றம் இல்லை. ஆனால் வாங்குகிறவன் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்ற பேச்சு எனக்கு இப்போது எரிச்சலைத் தருகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிஃப்ட்டில் நிற்கிற பீகார் பையனும் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

கருவேப்பிலையும் வெண்டைக்காயும் வாங்குவது ஒரு வியட்நாம் அண்ணன் கடையில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனால் எனக்கென்று ஒரு கட்டு பச்சை மிளகாய் ஒதுக்கி வைத்திருப்பார். 1989இல் கிழக்கு ஜெர்மனியில் சுமார் 60,000 வியட்நாம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள், அவர் அதில் ஒருவர், நெசவாலையில். ஆலை போனதும் முதலில் போன வேலைகள் அவர்களுடையவை. சந்தையில் சாக்ஸ் விற்று, பூ விற்று, இந்தக் கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

பயமாக இல்லையா என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். 2018 ஆகஸ்டில் வெளிநாட்டவருக்கு எதிராக நடந்த கலவரத்தில் டிவியில் வந்த ஊர்தான் இது, 2025 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலில் ஐந்து கிழக்கு மாநிலங்களிலும் வெளிநாட்டவருக்கு எதிராகப் பேசும் ஏஎஃப்டி கட்சிதான் முதலிடம். ட்ராமில் ஒருமுறை குடித்தவன் கத்தினான், கூட இருந்தவர்கள் அவனை இறக்கிவிட்டார்கள். ராத்திரி சில இடங்களில் தனியாகச் சுற்றுவதில்லை, அவ்வளவுதான். ஆங்கிலத்தை நம்பி வராதீர்கள், ஜெர்மன் இல்லாமல் இங்கே கதை ஓடாது.

இங்கோல்ஸ்டாட் பக்கம் மாதம் ஆயிரம் யூரோ அதிகமாக ஒரு வேலை இருக்கிறது, வந்துவிடு என்று நண்பன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். நானும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வாடகையிலேயே பாதி போய்விடும். அப்புறம் குழந்தை. கிழக்கு ஜெர்மனியில் அம்மாக்கள் ஆலைக்குப் போனதால் அந்தக் காலத்திலேயே தெருவுக்குத் தெரு குழந்தைகள் காப்பகம் கட்டினார்கள், அது மட்டும் யாரும் விற்காமல் மிஞ்சியது. மூன்று வயதுக்குக் கீழே இங்கே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் காப்பகத்துக்குப் போகின்றன, மேற்கே மூன்றில் ஒரு பங்குதான். எங்கள் மகளுக்கு நடந்து போகும் தூரத்தில் முழுநாள் இடம் கிடைத்தது, மனைவி முழுநேர வேலையில் இருக்கிறாள். இங்கோல்ஸ்டாட் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.