கூலன்ட் டப்பாவுக்குள் பால் காபி

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்தால்தான் பயப்படுவோம். என் காரில் கூடியிருந்தது. டப்பாவில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. நான் ஊற்றவே இல்லையே என்று, இன்ஜின் நன்றாக ஆறியபிறகு மூடியைத் திறந்தேன். உள்ளே பால் காபி நிறத்தில் ஆடை படர்ந்திருந்தது. விரலில் தேய்த்தால் வழுக்கியது.

முதலில் நப்பாசை. ஒத்துப்போகாத இரண்டு வகைக் கூலன்டைக் கலந்தாலும் இப்படித் திரிந்து கூழாகும் என்று தெரியும். அதனால் ஒரு கரண்டி எடுத்து, கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றி அதில் விட்டேன். கொஞ்ச நேரத்தில் பொட்டுப் பொட்டாக மேலே மிதந்து வானவில் காட்டியது. இன்னொரு சொட்டைக் காகிதத்தில் விட்டுக் காயவைத்தேன். பஜ்ஜி வைத்த காகிதம் மாதிரி, கறை வழியே வெளிச்சம் தெரிந்தது. சந்தேகமில்லை, ஆயில்தான்.

ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். மூடியைத் திறந்து பார்த்தவர் அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “ஹெட் கேஸ்கட் போயிடுச்சு சார். ஹெட்டைக் கழட்டணும்.” ஹெட் என்பது இன்ஜினின் மேல்பகுதி. அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடுதான் கேஸ்கட். இருக்கலாம். ஆனால் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை அவர் இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்படி ஓட்டி வந்ததும் தப்புதான், இழுத்து வந்திருக்க வேண்டும்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தது. தண்ணீர் கலந்தால் வரும் மோர் நிறம் இல்லை, அளவு மட்டும் கொஞ்சம் குறைவு. (ஆயில் மூடியின் அடியில் மட்டும் வெள்ளையாகப் பிசுபிசுப்பு இருந்தால் பதற வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் படிந்து அப்படி ஆகும்.) போன மாதம் அரை லிட்டர் ஆயில் ஊற்றியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்கே போனது என்று அன்று யோசிக்கவே இல்லை.

எனக்குத் தெரிந்த மூத்த மெக்கானிக் ஒருவரிடம் போனில் சொன்னேன். “கூலன்டுல ஆயில் இருக்கு, ஆயில்ல தண்ணி இல்ல, அப்படித்தானே? அப்போ அவசரப்பட்டு ஹெட்ல கை வைக்காதீங்க தம்பி” என்றார். அவர் சொன்ன கணக்கு எளிமையானது. இன்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் 3, 4 பார் வரை இருக்கும். கூலன்ட் பக்கம் ஒன்று, ஒன்றரை பார்தான். நடுவில் ஓட்டை விழுந்தால் ஆயில்தான் தண்ணீர்ப் பக்கம் தள்ளும். அணைத்தபிறகு ஆயில் அழுத்தம் போய்விடும், சூட்டில் தண்ணீரின் அழுத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். அப்போது ஓட்டை பெரிதாக இருந்தால் தண்ணீர் ஆயிலுக்குள் போகும். என் டிப்ஸ்டிக் சுத்தம் என்றால் ஓட்டை சின்னது.

இரண்டு பக்கமும் சந்திக்கும் இடங்கள் சிலவே. ஹெட் கேஸ்கட், விரிசல் விட்ட ஹெட் அல்லது பிளாக், ஆயில் ஃபில்டர் அருகே, கூலன்டை வைத்து ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் ரேடியேட்டருக்குள்ளேயே கியர் ஆயில் கூலரும் இருக்கலாம். என்னுடையது மேனுவல், அது கழிந்தது.

வண்டியை அவரிடமே இழுத்துப் போனேன். மறுநாள் காலை, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் மேல் ஹோஸைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். சூடேறும் முன்பே ஹோஸ் கல்லாக இறுகினால் சிலிண்டர் வாயு உள்ளே வருகிறது என்று அர்த்தம். இறுகவில்லை. பிறகு டப்பா வாயில் நீலத் திரவச் சோதனை. எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். நீலமாகவே இருந்தது. கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், நான்கு சிலிண்டரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

நான் துள்ளிக் குதித்தேன். அவர் குதிக்கவில்லை. “கேஸ்கட்ல ஆயில் வழிக்கும் தண்ணி வழிக்கும் நடுவுல மட்டும் கிழிஞ்சா இந்தச் சோதனை எதுலயும் தெரியாது” என்றார். அதனால் சுலபமாகக் கழட்டக்கூடிய ஆயில் கூலரை முதலில் கழட்டினார். தண்ணீர் வழியைத் திறந்தே விட்டு, ஆயில் வழியின் மறுமுனையை அடைத்து, அதில் 4 பார் காற்று கொடுத்து வாளித் தண்ணீரில் அமுக்கினார். ஒரு குமிழி வரவில்லை. என் முகம் விழுந்துவிட்டது. அவர் பேசாமல் வாளித் தண்ணீரைக் கொட்டி, கொதிக்கக் காய்ச்சிய நீரை நிரப்பினார். இரண்டு நிமிடம் கழித்து, ஊசி முனை அளவுக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. சூட்டில் விரிந்தால் மட்டும் வாய் திறக்கும் விரிசல். ஹெட்டைக் கழட்டி, கேஸ்கட் மாற்றி, பழைய கூலரையே மாட்டியிருந்தால் ஒரே வாரத்தில் மறுபடி பால் காபிதான்.

கூலர் மாற்றியது அரைநாள் வேலை. கழுவியது மூன்று நாள். இதில் என் முட்டாள்தனமும் உண்டு. வீட்டில் பாத்திரம் தேய்க்கும் திரவத்தை ஊற்றி இன்ஜினை ஓட்டினேன், நுரை பொங்கி பானெட்டுக்கு மேலே வந்தது. நுரை வராத, பாத்திரம் கழுவும் மெஷினுக்கான பவுடரைத்தான் வெந்நீரில் கரைத்து ஊற்ற வேண்டுமாம். சூடேறும் வரை தண்ணீர் ஓட்டத்தைத் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழட்டி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஓட்டி, ஆறவிட்டு, வடித்து, மறுபடி. ஏழாவது முறைதான் தண்ணீர் தெளிந்தது. ஹீட்டர் குழாய்களில் எதிர்த்திசையில் தண்ணீர் விட்டபோது, அதுவரை வராத கட்டிகள் வந்து விழுந்தன. வடித்ததைத் தரையில் கொட்டவில்லை. கூலன்ட் இனிப்பாக இருக்கும், நாய் பூனை நக்கினால் செத்துப்போகும். கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பின் கழிவு ஆயிலோடு சேர்த்தோம்.

ஹோஸ்கள் ஆயிலில் ஊறி உப்பி, அமுக்கினால் பஞ்சு மாதிரி இருந்தன. அவற்றையும் டப்பாவையும் மாற்றி, காய்ச்சி வடித்த நீரோடு புதுக் கூலன்ட் ஊற்றினோம்.

இரண்டு மாதம் ஆகிறது. முதல் மூன்று வாரம் டப்பா ஓரத்தில் நூல் மாதிரி ஒரு ஆயில் வளையம் வந்தது. மூலை முடுக்கில் ஒட்டியிருந்த மிச்சம். துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். நேற்று ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டுப் பார்த்தேன். காய்ந்தபின் கூலன்டின் நிறம் மட்டும்தான் மிஞ்சியது.