கற்பூரம் இல்லாத சஷ்டி

2024 நவம்பர் 2, சனி

இன்று கந்தசஷ்டி தொடக்கம். கல்யாணம் முடித்த காலத்திலிருந்து இந்த ஆறு நாளும் என் மனைவி பாலும் பழமும்தான். சூரன் போர் முடிந்து மறுநாள் பாறணை வரைக்கும் சோறு தொடமாட்டாள். இந்த முறை டொக்டர் விரதத்துக்குக் கண்டிப்பாக இடம் கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமைதான் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சிவப்பு மருந்து ஏற்றினார்கள், டொக்சோரூபிசின். ஏறினால் ஓரிரு நாளுக்குச் சிறுநீரும் சிவந்து போகும். தாதி மிஸ் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நாங்கள் பயப்படவில்லை.

மருந்துக்குப் பிறகு கற்பூர மணமோ சாம்பிராணி மணமோ பட்டால் உடனே சத்தி வந்துவிடுகிறது. அதனால் சாமி அறையில் நல்லெண்ணெய் விளக்கு மட்டும் ஏற்றினேன். அவள் கட்டிலில் இருந்தபடியே கும்பிட்டாள். மத்தியானம் இடியப்பமும் சொதியும் கொஞ்சம் இறங்கியது. முருகன் அதை விரதமாக எடுத்துக்கொள்வான் என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

நவம்பர் 5, செவ்வாய்

பக்கத்து வீட்டு அன்ரி கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தார். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே சைவச் சனமும் நிறையப் போகும், கொழும்பில் அது புதினமில்லை. 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்து எத்தனையோ பேர் செத்த கோயில் அது. ஜூன் மாதமே திரும்பத் திறந்தார்கள், சனமும் திரும்ப வந்தது. கும்பிட வந்த இடத்திலேயே பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் என்னத்தைச் சொல்லிக் கும்பிடுவார்கள் என்று இன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 7, வியாழன்

சூரன் போர். பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்கு நாங்கள் போகவில்லை. மருந்து ஏற்றி ஒரு கிழமை கழிந்த பிறகுதான் வெள்ளை அணுக்கள் ஆகக் கீழே இறங்கும். அந்த நாட்களில் சன நெரிசலுக்குள் போகவே கூடாது. காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பின்னேரம் மச்சாள் தீர்த்தமும் பஞ்சாமிர்தமும் கொண்டுவந்தார். கொதிக்காத தண்ணீர், எத்தனை கை பட்டதோ தெரியாத பழம். கொடுக்க முடியாது என்றேன். “சாமி தீர்த்தத்திலயும் கிருமி பாக்கிறியளோ?” என்று அவருக்கு மனம் நொந்துவிட்டது. ஐயருக்கு ஃபோன் எடுத்தேன். “திருநீறு பூசிவிடுங்கோ, அது போதும். தீர்த்தத்தை நீங்கள் அவவுக்காகக் குடியுங்கோ” என்றார். அப்படியே செய்தோம். அந்த மனிசன் நல்லாயிருக்க வேண்டும்.

ஆனால் மச்சாளோடு வந்த சொந்தக்காரர் ஒருவர், போன பிறப்பில் செய்த வினை, அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும் என்று அவள் காதுபடவே சொன்னார். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. வினை என்று ஒன்று இருக்கலாம். அதை நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்வது எந்தச் சைவம்?

நவம்பர் 10, ஞாயிறு

வாய் முழுக்கப் புண். உப்பும் சோடாவும் கலந்த தண்ணீரால் கொப்பளிக்கிறாள். கஞ்சியையும் ஆறவைத்துத்தான் குடிக்க முடிகிறது.

இரவு நித்திரை வராமல், “அந்தச் சூலை நோய்ப் பதிகத்தைப் பாடுங்கோவன்” என்றாள். திருநாவுக்கரசர் வயிற்றுவலி தாங்க முடியாமல் தமக்கை திலகவதியாரிடம் வந்து, அவர் கொடுத்த திருநீற்றைப் பூசிக்கொண்டு திருவதிகையில் பாடியது. சின்ன வயதில் நவராத்திரிப் போட்டிக்குப் பாடமாக்கினேன். அப்போது பண்ணும் உச்சரிப்பும்தான் கவனம். இன்று பாடும்போதுதான் அது எவ்வளவு பெரிய முறைப்பாடு என்று விளங்கியது. என்னால் தாங்க முடியவில்லை, ஏன் விலக்குகிறாய் இல்லை என்று மனிசன் நேருக்கு நேரே கேட்கிறார். இரண்டாம் பாட்டில் எனக்குக் குரல் அடைத்துவிட்டது.

“அவருக்கு உடனே மாறிட்டுது. எங்களுக்கு ஏன் இல்லை எண்டு கேக்கத் தோணுது” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: “மாறினது எனக்குப் பெரிசில்லை அப்பா. அந்த நோவுக்குள்ள கிடந்துகொண்டு அவர் கதைச்சாரே, அதுதான் எனக்கு வேணும். நீங்கள் எனக்காகப் பேரம் பேசாதேங்கோ. சுகமாக்கினால் காவடி எண்டு நேர்த்தி வையாதேங்கோ. சுகம் வராட்டி, உங்களுக்கும் முருகனுக்கும் இடையில கடன் கணக்கு நிண்டுபோகும்.”

நான் ஏற்கனவே கதிர்காமத்துக்கு ஒரு நேர்த்தி வைத்திருக்கிறேன், அவளுக்குச் சொல்லவில்லை. இன்றைக்கு முருகனிடம் சொன்னேன்: காவடி எடுப்பேன், எது நடந்தாலும் எடுப்பேன். இது பேரம் இல்லை. இவளை எனக்குத் தந்ததற்கு.

மிச்சப் பாட்டுகளை அவள்தான் மெல்ல முணுமுணுத்து முடித்தாள்.

நவம்பர் 14, வியாழன்

பொதுத்தேர்தல். காலை 7 மணிக்கே முகக்கவசத்தோடு கூட்டிப்போய், சனம் வர முதல் வாக்குப் போட்டுவிட்டு வந்தோம். வெளிக்காற்றுப் பட்டதில் அவளுக்கு நல்ல சந்தோசம். புண் ஆறிவருகிறது.

நவம்பர் 18, திங்கள்

இரத்த ரிப்போர்ட் வந்தது. கிருமியோடு போராடுகிற வெள்ளை அணுக்களான நியூட்ரோபில் பொதுவாக 1,500க்கு மேல் இருந்தால்தான் அடுத்த மருந்து. அவளுக்கு அதைத் தாண்டியிருக்கிறது. நாளைக்கு மகரகம.

கிளினிக் வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த சிங்கள அம்மாவின் கையில் பிக்குமார் ஓதிக் கட்டுகிற பிரித் நூல். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் தாத்தா தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். நம்பர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக எழும்பிப் போனோம். அந்த அம்மா எங்கள் கொப்பியைப் பார்த்து, எத்தனையாவது மருந்து என்று கையால் கேட்டார். சொன்னேன். தன் மகளுக்கும் அதுதான் என்று தலையாட்டினார். அவருடைய மகளையும் சேர்த்து இன்று கும்பிட்டேன்.

கமக்கட்டில் நிணநீர்க் கணுக்கள் எடுத்தபடியால் அவளுக்கு இடது கையில் ஊசி குத்த விடுவதில்லை. வலது கையில் நரம்புகள் எல்லாம் சுருங்கிப் போய்விட்டன. இந்த மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையையே பழுதாக்கும். ஆகவே இன்றைய வேண்டுதல் இதுதான்: நாளைக்கு முதல் குத்திலேயே நல்ல நரம்பு கிடைக்க வேண்டும், குத்துகிற மிஸ்ஸின் கை நடுங்கக் கூடாது. ஓட்டோவுக்கு விடிய 5 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.